மூடுபனியும் குறைபார்வையும்

குன்னூரிலிருந்து உதகைக்குப் போகும் வழியில் மூடுபனி கவிழ்ந்துகொள்வதைப் பார்த்திருக்கிறீர்களா? தேயிலைச் செடிகள், மைல்கல், எதிரே வரும் லாரி எல்லாம் ஒரே சாம்பல் நிறத்தில் கரைந்துவிடும். உங்கள் கண்ணில் கோளாறு ஏதுமில்லை. மில்லிமீட்டரில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கே உள்ள நீர்த்துளிகள் ஒளியை நாற்புறமும் சிதறடிக்கின்றன. அதனால் பொருளுக்கும் அதன் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு குறைகிறது. அது 2 விழுக்காடாக இறங்கும் தொலைவைப் பார்வையின் எல்லையாகக் கொண்டார் ஜெர்மானிய வானிலை அறிஞர் கோஷ்மீடர் (1924).

இந்தப் பனி கண்ணுக்குள்ளேயே இருந்தால்? கண்புரை ஏறக்குறைய அதுதான். விழிவில்லை மங்கி ஒளியைச் சிதறடிக்கிறது. புரையை அறுவை செய்து நீக்கிவிடலாம். விழித்திரை கெட்டவர்களுக்கோ சிகிச்சை செய்து, கண்ணாடி போட்ட பிறகும் பார்வை முழுதும் திரும்புவதில்லை. பிறர் 18 மீட்டரில் காண்பதை 6 மீட்டரில்கூடக் காண இயலாத, ஆனால் முற்றிலும் இருண்டுவிடாத இந்நிலையைக் குறைபார்வை என்கிறோம்.

மருத்துவர் காட்டும் பலகையில் வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்துகள் இருக்கும். வீட்டு வாசல் அப்படியா? சிமெண்டுத் தரை, சிமெண்டுப் படி! செய்தித்தாளின் பெரிய தலைப்பைப் படித்த பாட்டி அந்தப் படியில் தடுக்கி விழுந்தால், "எல்லாம் தெரியும், நடிக்கிறாள்" என்பார்கள். அநியாயமான பேச்சு. 1988இல் பெல்லி, ராப்சன் இருவரும் ஒரு பலகை அமைத்தனர். அதில் எழுத்துகளின் அளவு மாறாது. கருமை மட்டும் படிப்படியாக வெளிறிக்கொண்டே போகும். பாட்டியின் தொல்லை அதில்தான் வெளிப்படும்.

அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் கார்டன் லெக் தாமே குறைபார்வை உடையவர். அவருடைய குழுவினர், நல்ல பார்வை உள்ளவர்களுக்குக் காட்சியை மங்கச் செய்யும் கண்ணாடி அணிவித்து, எதிரே இருப்பது ஏறுபடியா, இறங்குபடியா, சரிவா, சமதளமா என்று கேட்டார்கள். 2010இல் வெளியான முடிவின்படி, ஏறுபடியைவிட இறங்குபடியைக் கண்டுகொள்வதே கடினம். ஏறுபடியின் முகப்பு நம்மை நோக்கி நிற்கிறது. இறங்குபடியில் அது மறைந்துவிடுகிறது அல்லவா? தரையில் பெரிய கட்டங்கள் இருந்தால் உதவும் என்றுதான் நீங்களும் நினைப்பீர்கள். அடுத்த சோதனையில் அவை குழப்பத்தையே கூட்டின!

நீலகிரிச் சரிவில் வீடு என்றாலே படிகள்தாம். ஒவ்வொரு படியின் விளிம்பிலும் மஞ்சள் பட்டை தீட்டுங்கள். சமதளத்தில் தீட்டாதீர்கள், அதுவும் படிபோல் ஏமாற்றும். பால் விடாத தேநீரை வெள்ளைக் கோப்பையில் கொடுங்கள். தயிர்ச்சோறா? வெள்ளைத் தட்டு வேண்டாம், வாழை இலை போடுங்கள்.

ஐயமிருந்தால், பாலிதீன் தாளை இரண்டாக மடித்துக் கண்முன் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே உங்கள் வாசற்படியைப் பாருங்கள்.