உலைக்குச் சேரும் வெப்பம்

திருவண்ணாமலை வீடுகளின் கேஸ் அடுப்பும் அதன் திறனை அளக்கும் கணக்கும்

திருவண்ணாமலையில் வீட்டைக் கதகதப்பாக வைத்துக்கொள்ள எரிவாயு தேவைப்படுவதில்லை. மார்கழிப் பனிக்கும் ஒரு போர்வை போதும் என்கிற தட்பவெப்பம் இந்த ஊருடையது. இங்கே சிலிண்டரில் வரும் வாயு உலை கொதிக்கவும், குழம்பு கூட்டவும், குளிக்க வெந்நீர் வைக்கவும் செலவாகிறது. ஆயினும் குளிர்நாட்டு மக்கள் தங்கள் வீட்டுக் கணப்பு உலையைப் பற்றிக் கேட்கும் கேள்வி இந்த ஊரின் சமையலறைக்கும் அப்படியே பொருந்தும்: விலை கொடுத்து வாங்கிய வாயுவில் அடங்கிய வெப்பத்தில் எவ்வளவு வேலைக்குப் போய்ச் சேருகிறது, எவ்வளவு வீணாகக் காற்றில் கலக்கிறது? சிலிண்டர் மாட்டிய தேதியைக் காலண்டரில் குறித்து வைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அந்தக் குறிப்பு செலவைக் காட்டுமே தவிரத் திறனைக் காட்டாது. திறனைக் காட்டும் அளவீட்டு முறை இந்தியாவில் நெடுங்காலமாகவே இருந்தும், அது ஆய்வகத்தின் வாசலைத் தாண்டி வீட்டுக்குள் வராமல் நிற்பது பெரிய குறை.

சிலிண்டருக்குள் எவ்வளவு வெப்பம்?

வீட்டு உபயோகச் சிலிண்டரில் நிரப்பப்படும் 14.2 கிலோ எல்பிஜி, புரொப்பேன், பியூட்டேன் ஆகிய இரண்டும் முதன்மையாகக் கலந்து, அழுத்தத்தால் திரவமாக்கப்பட்ட எரிபொருள் ஆகும். ஒரு கிலோ எரிபொருள் முழுமையாக எரியும்போது வெளிப்படும் வெப்பம் அதன் வெப்ப மதிப்பு எனப்படும். இதைக் கிலோ கலோரி என்னும் அலகால் குறிப்பர். ஒரு லிட்டர் தண்ணீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்தத் தேவையான வெப்பமே ஒரு கிலோ கலோரி.

எல்பிஜிக்கு இந்த மதிப்பு இரண்டு விதமாகச் சொல்லப்படுகிறது. மொத்த வெப்ப மதிப்பு கிலோவுக்குச் சுமார் 11,900 கிலோ கலோரி. நிகர வெப்ப மதிப்பு சுமார் 10,900. வாயு எரியும்போது அதிலுள்ள ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து நீராவியாகிறது. ஒரு கிலோ எல்பிஜி எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கும் அதிகமான நீராவி உண்டாகிறது. நீர் ஆவியாகும்போது உள்வாங்கி வைத்துக்கொள்ளும் வெப்பம் உள்ளுறை வெப்பம் எனப்படும். அந்த வெப்பத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் மொத்த மதிப்பு, ஆவியோடு போய்விட்டது என்று விட்டுவிட்டால் நிகர மதிப்பு.

இந்த வேறுபாடு வெறும் ஏட்டுக் கணக்காக நின்றுவிடவில்லை. புகைபோக்கியில் வெளியேறும் ஆவியைக் குளிரவைத்து, அதன் உள்ளுறை வெப்பத்தையும் மீட்டெடுக்கும் கொதிகலன்கள் குளிர்நாடுகளில் பெருகின. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 ஏப்ரல் முதல் வீடுகளில் புதிதாகப் பொருத்தப்படும் எரிவாயுக் கொதிகலன்கள், சில விலக்குகள் நீங்கலாக, இந்த வகையாகவே இருக்க வேண்டும் என்று விதி வந்தது. அவற்றின் திறனை நிகர மதிப்பின் அடிப்படையில் கணக்கிட்டால் நூறு சதவீதத்தையும் தாண்டிய எண் கிடைக்கக்கூடும். மொத்த மதிப்பின்படி கணக்கிட்டால் அது நூறுக்குள் அடங்கிவிடும். ஆகவே எந்தத் திறன் எண்ணைப் பார்த்தாலும் அது எந்த மதிப்பின் மேல் கணக்கிடப்பட்டது என்று முதலில் கேட்டுத் தெளிய வேண்டும். இந்தக் கட்டுரையின் கணக்குகள் யாவும் நிகர மதிப்பின்படி அமைந்தவை. அதன்படி ஒரு முழுச் சிலிண்டரில் ஏறத்தாழ 1,55,000 கிலோ கலோரி வெப்பம் இருக்கிறது.

ஆய்வகத்தில் நடப்பது

வீட்டு எல்பிஜி அடுப்புக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 4246. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் இந்தத் தரத்தின்படி, ஐஎஸ்ஐ முத்திரை பெறும் அடுப்பு குறைந்தது 68 சதவீத வெப்பத்திறன் கொண்டதாக இருக்க வேண்டும். அதாவது எரியும் வாயுவின் வெப்பத்தில் நூற்றுக்கு 68 பங்காவது பாத்திரத்துக்கும் அதிலுள்ள தண்ணீருக்கும் சேர வேண்டும்.

சோதிக்கும் முறை எளிமையானது, ஆனால் கண்டிப்பானது. பர்னரின் அளவுக்கு ஏற்ற குறுக்களவுள்ள அலுமினியப் பாத்திரத்தில் நிறுத்து எடுத்த தண்ணீரை ஊற்றி, மூடியும் கலக்கியும் பொருத்தி, சதுர சென்டிமீட்டருக்கு 30 கிராம் என்ற நிலையான அழுத்தத்தில் வாயுவைச் செலுத்தி அடுப்பை எரிக்கின்றனர். தண்ணீர் 80 டிகிரியை எட்டியதும் வெப்பம் எங்கும் சீராகப் பரவும்படி கலக்கத் தொடங்கி, 90 டிகிரி ஆனதும் அடுப்பை அணைத்து, அதன் பிறகும் கலக்கிக்கொண்டே இருந்து, தண்ணீர் எட்டும் உச்ச வெப்பநிலையைக் குறித்துக்கொள்கின்றனர். கொதிநிலைக்கு முன்பே நிறுத்துவதற்குக் காரணம் உண்டு: கொதிக்கத் தொடங்கினால் தண்ணீர் ஆவியாகி வெப்பத்தைக் கொண்டுபோய்விடும், கணக்கு கலங்கிவிடும்.

தண்ணீரின் எடையோடு, பாத்திரம், மூடி, கலக்கி ஆகியவை உள்வாங்கும் வெப்பத்துக்கு ஈடான நீரின் எடையையும் கூட்டி, அதை வெப்பநிலை உயர்வால் பெருக்கினால் பயன்பட்ட வெப்பம் கிடைக்கும். செலவான வாயுவின் எடையை அதன் வெப்ப மதிப்பால் பெருக்கினால் கொடுக்கப்பட்ட வெப்பம் கிடைக்கும். முன்னதைப் பின்னதால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவதே வெப்பத்திறன். அரைக் கிலோ எடையுள்ள அலுமினியப் பாத்திரத்தில் இரண்டரை லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்கு உயர்த்தத் தேவையான வெப்பம் சுமார் 162 கிலோ கலோரி. 68 சதவீதத் திறனுள்ள அடுப்பு இதற்கு எடுத்துக்கொள்ளும் வாயு 22 கிராம் மட்டுமே. ஒரு கிராம் பிசகினால்கூட முடிவு மூன்று சதவீதப் புள்ளிகள் அளவுக்கு மாறிவிடும் என்பதால், இந்தச் சோதனையில் துல்லியமான தராசுக்குப் பெரிய இடம் உண்டு.

எரிதலின் தூய்மையும் இதே தரத்தில் அளக்கப்படுகிறது. புரொப்பேன் ஒரு பங்கு எரிய ஏறத்தாழ 24 பங்கு காற்றும், பியூட்டேன் ஒரு பங்கு எரிய 31 பங்கு காற்றும் வேண்டும். காற்று போதாவிட்டால் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு உண்டாகும். அது கார்பன் டையாக்சைடோடு ஒப்பிட 0.02 என்ற விகிதத்தைத் தாண்டக் கூடாது என்று தரம் வரையறுக்கிறது. எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின் கீழ் 2002-ல் அமைந்த எரிசக்தித் திறன் செயலகம் வழங்கும் நட்சத்திரக் குறியீடு, ஃபிரிட்ஜ், ஏசி போன்றவற்றைப் போலவே எல்பிஜி அடுப்புகளுக்கும் உண்டு; 68 சதவீதத்துக்கு மேல் எவ்வளவு உயர்கிறதோ அதற்கேற்ப நட்சத்திரங்கள் கூடும்.

வீட்டுக்கு வந்ததும் மாறும் எண்

ஆய்வகத்தில் 68 காட்டிய அடுப்பு வீட்டிலும் அதையே காட்டும் என்று சொல்ல முடியாது. சோதனைப் பாத்திரத்தின் அடி பர்னருக்கு ஏற்ற அகலமுடையது; வீட்டிலோ பெரிய பர்னரின் மேல் பால் காய்ச்சும் சிறு பாத்திரம் ஏறுகிறது, தீ அடியைச் சூடாக்காமல் பக்கவாட்டில் நாக்கு நீட்டி மேலே போகிறது. சோதனையில் மூடி உண்டு. வீட்டில் பாதி நேரம் மூடி அலமாரியிலேயே இருக்கிறது. ஜன்னல் காற்றோ மின்விசிறிக் காற்றோ தீயைச் சாய்க்கிறது. பொங்கி வழிந்த கஞ்சி பர்னரின் துளைகளில் காய்ந்து அடைக்கிறது. ஜெட் எனப்படும், வாயு பீறிட்டு வரும் சிறு துளையிலும் அதை அடுத்துக் காற்று கலக்கும் குழாயிலும் தூசு படிகிறது. அப்போது நீலமாகவும் கூர்மையாகவும் நிற்க வேண்டிய தீயின் நுனி மஞ்சளாகி, பாத்திரத்தின் அடியில் கரி பிடிக்கிறது.

எல்லாவற்றையும் விடப் பெரிய இழப்பு, கொதி வந்த பிறகு நிகழ்வது. தண்ணீர் கொதிநிலையை அடைந்தபின் தீயை எவ்வளவு கூட்டினாலும் திறந்த பாத்திரத்தில் வெப்பநிலை உயராது, சோறு விரைவாக வேகாது, ஆவிதான் கூடும். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க 540 கிலோ கலோரி தேவை என்பதால், அரை லிட்டர் வீணாக ஆவியாகிப் போனால் 68 சதவீத அடுப்பிலேயே 36 கிராம் வாயு போய்விடும். இரண்டரை லிட்டரை 90 டிகிரிக்குக் கொண்டுவந்த 22 கிராமைவிட இது அதிகம். கொதி வந்ததும் சிம்மில் வைப்பதும், மூடி போடுவதும், முதல் விசில் வந்தவுடன் குக்கரின் தீயைத் தணிப்பதும் எவ்வளவு பெரிய சேமிப்பு என்பதை இந்த ஒரு கணக்கே உணர்த்தும்.

68 சதவீதத் திறனோடு சமைக்கும் வீட்டில் 45 நாள் வரும் சிலிண்டர், அதே சமையலை 50 சதவீதத் திறனோடு செய்யும் வீட்டில் 33 நாளில் தீர்ந்துவிடும். அடுப்பு ஒன்றே, அரிசி ஒன்றே, சமைப்பவரும் ஒருவரேயாக இருந்தாலும் இந்த வேறுபாடு நேரலாம்.

வீட்டில் அளக்கும் வழி

இதை வீட்டிலேயே ஓரளவு நம்பகமாக அளக்க முடியும். சிலிண்டரின் எடையைத் தாங்கக்கூடிய, 10 கிராம் வரை பிரித்துக் காட்டும் மின்னணுத் தராசும், நூறு டிகிரி வரை காட்டும் வெப்பமானியும் இருந்தால் போதும். 22 கிராமைச் சுமார் 30 கிலோ எடையுள்ள சிலிண்டரில் இந்தத் தராசால் நம்பிப் பிரித்தறிய முடியாது என்பதால், சோதனையைப் பெரிதாக்கிக்கொள்ள வேண்டும். ஒரு கிலோ எடையுள்ள அலுமினியப் பாத்திரத்தில் 5 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குக் காய்ச்சி, அதைக் குளிக்கவோ துவைக்கவோ ஊற்றிவிட்டு, பாத்திரம் ஆறியதும் புதிய தண்ணீரோடு மறுபடியும் தொடங்கி, நான்கு முறை செய்தால் பயன்பட்ட வெப்பம் ஏறத்தாழ 1,293 கிலோ கலோரி. முதலிலும் முடிவிலும் சிலிண்டரை நிறுத்தபோது 220 கிராம் குறைந்திருந்தால் கொடுக்கப்பட்ட வெப்பம் 2,398 கிலோ கலோரி. திறன் 54 சதவீதம்.

சிலிண்டரை எப்போதும் நிமிர்ந்த நிலையிலேயே வைப்பது, நிறுக்கும்போது டியூபின் இழுவை தராசில் விழாமல் பார்த்துக்கொள்வது, சிலிண்டரின் மேல் ஈரம் வியர்த்திருந்தால் துடைத்துவிடுவது ஆகியவை இந்தச் சோதனையின் நுட்பங்கள். தராசின் பிழையால் விடை நான்கைந்து புள்ளிகள் முன்பின் ஆகலாம். ஆயினும் பர்னரைச் சுத்தம் செய்வதற்கு முன்பும் பின்பும், மூடியோடும் மூடியில்லாமலும் அளந்து ஒப்பிடும்போது பெரிய வேறுபாடுகள் ஐயமில்லாமல் வெளிப்படும்.

குளிக்கும் வெந்நீரையும் இதே கணக்கால் மதிப்பிடலாம். ஒரு 20 லிட்டர் வாளித் தண்ணீரை 15 டிகிரி உயர்த்த 300 கிலோ கலோரி வேண்டும். 68 சதவீத அடுப்பில் அதற்கு 40 கிராம் வாயு செலவாகும். கேஸ் கீசரின் திறனை அறிய, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வருகிறது, வெப்பநிலை எத்தனை டிகிரி உயர்கிறது, வாயு எவ்வளவு குறைகிறது என்ற மூன்றும் போதும். ஆனால் கீசரைப் பொறுத்தவரை திறனைக் காட்டிலும் உயிர் முக்கியம்: அடைத்த குளியலறைக்குள் பொருத்திய கேஸ் கீசர் ஆக்சிஜனைத் தின்று கார்பன் மோனாக்சைடைப் பெருக்கி, மணமில்லாமல் உயிரைக் குடிக்கக்கூடியது. அதைக் காற்றோட்டமான வெளியிடத்தில் பொருத்துவது கட்டாயம்.

கோயில் ஊருக்கு ஏற்ற அளவை

அமெரிக்காவில் வீட்டுக் கணப்பு உலைகளின் திறன் ஆண்டு முழுதுக்குமான எரிபொருள் பயன்பாட்டைக் கொண்டு மதிப்பிடப்படுகிறது. அணைத்து எரிப்பதில் நேரும் இழப்புகளும் அதில் அடங்கும். திருவண்ணாமலைக்கும் இப்படிப்பட்ட முழுநோக்குள்ள அளவை தேவை. பௌர்ணமி கிரிவலத்தன்று விடியவிடிய எரியும் டீக்கடை அடுப்பு பெரும்பாலான நேரம் பாலையும் வெந்நீரையும் சூடு ஆறாமல் காப்பதற்கே எரிகிறது. வெப்பநிலை உயராத அந்த நேரத்துக்கு ஆய்வகச் சூத்திரத்தைப் பொருத்தினால் திறன் பூஜ்யம் என்றே வரும். அண்ணாமலையார் கோயிலின் அன்னதானக் கூடம், ஆசிரமச் சமையலறைகள், கல்யாண மண்டபங்கள் போன்ற பெரிய அடுக்களைகளுக்கு, நூறு பேருக்குச் சமைக்க எத்தனை கிலோ வாயு என்பதே பொருத்தமான கணக்கு. வீட்டுக்கு, ஒரு கிலோ அரிசி வேக எத்தனை கிராம் என்பது. அடுப்பின் திறனோடு சமைப்பவரின் கைப்பழக்கமும் அந்த எண்ணில் சேர்ந்தே தெரியும்.

இந்தக் கணக்கில் மலைக்கும் பங்கு உண்டு. விறகுக்காகவும் மேய்ச்சலாலும் தீயாலும் மொட்டையாகிக் கிடந்த அருணாசல மலையின் சரிவுகள், 1980-களின் இறுதியில் தொடங்கிய மறுகாடாக்க முயற்சிகளால் மெல்ல மெல்லப் பச்சை பிடித்தன. திறந்த விறகடுப்பின் திறன் 10 முதல் 15 சதவீதம் என்று வைத்தால், ஒரு சிலிண்டர் சமையலறைக்குத் தரும் பயனுள்ள வெப்பத்தைப் பெற ஏறத்தாழ 200 கிலோவுக்குக் குறையாமல் விறகு வேண்டும். சிலிண்டர் கட்டுப்படியாகாமல் போகும்போதெல்லாம் ஏழை வீடுகள் விறகுக்கே திரும்புகின்றன. ஆகவே சிலிண்டரை நீடிக்கச் செய்யும் ஒவ்வொரு சதவீதமும் அந்த வீட்டுப் பெண்ணின் நுரையீரலையும் மலையின் மரத்தையும் காக்கிறது. நாட்டின் எல்பிஜி தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதியாகவே வருவதால் அந்நியச் செலாவணியும் மிஞ்சும்.

இதற்குப் புதிய நிறுவனங்கள் எதுவும் வேண்டியதில்லை. பாதுகாப்புச் சோதனைக்கு வரும் கேஸ் ஏஜென்சி மெக்கானிக் டியூபையும் ரெகுலேட்டரையும் பார்ப்பதோடு தீயின் நிறத்தையும் பார்த்து, ஜெட்டையும் பர்னரையும் சுத்தம் செய்து தரும்படி ஏற்பாடு செய்யலாம். பள்ளி இயற்பியல் ஆய்வகத்தில் தன்வெப்பமும் உள்ளுறை வெப்பமும் படிக்கும் மாணவர்கள், ஆசிரியரின் மேற்பார்வையில் தங்கள் வீட்டு அடுப்பின் திறனைக் கணக்கிட்டுப் பதிவு செய்யலாம். அன்னதானக் கூடங்கள் ஒவ்வொரு நாளும் எத்தனை பேர் உண்டனர் என்பதோடு எத்தனை கிலோ வாயு எரிந்தது என்பதையும் பதிவேட்டில் எழுதத் தொடங்கலாம். நட்சத்திரம் பார்த்து நல்ல அடுப்பை வாங்குவது ஒரு முறை நடப்பது. அந்த அடுப்பு தரக்கூடிய 68 சதவீதத்தை ஒவ்வொரு நாளும் பெறுவதும் இழப்பதும் வீட்டார் கையில் இருக்கிறது, அதை அவர்கள் அறிய அளந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.