முழங்கை மூட்டு நழுவலை அறிதல்: மூன்று எலும்பு முனைகளின் சான்று

முன்னுரை

மேற்கை எலும்பு, முன்கையின் அரந்தி எலும்பு, ஆரை எலும்பு ஆகிய மூன்றும் கூடுமிடம் முழங்கை மூட்டு ஆகும். வயது வந்தோரிடம் தோள்மூட்டிற்கு அடுத்தபடியாக மிகுதியும் நழுவும் பெரிய மூட்டு இதுவே. கையை ஊன்றி விழும்போது முன்கை எலும்புகள் பெரும்பாலும் பின்புறமாக விலகுகின்றன. வீக்கமும் உருக்குலைவும் எலும்பு முறிவிலும் தோன்றுகின்றன. எனவே இவ்விரண்டையும் பிரித்தறியும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

மூன்று முனைகள்

மேற்கை எலும்பின் கீழ்முனையில் உட்புறம் ஒன்றும் வெளிப்புறம் ஒன்றுமாக இரு புடைப்புகள் உள்ளன. அரந்தியின் மேல்முனை முழங்கையின் பின்புறம் துருத்தி நிற்கிறது. கையை நீட்டினால் இம்மூன்றும் ஒரே கோட்டில் அமையும். 90 பாகை மடக்கினால் இருசமபக்க முக்கோணமாகும். இது ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஹூட்டரின் பெயரால் வழங்குகிறது.

மூட்டு நழுவினால் அரந்தி மட்டும் இடம்பெயர்வதால் முக்கோணம் குலைகிறது. புடைப்புகளுக்கு மேலே எலும்பு முறிந்திருப்பின் மூன்று முனைகளும் ஒருங்கே நகர்வதால் முக்கோணம் குலைவதில்லை. இம்முறிவு சிறுவரிடம் மிகுதி. ஆதலின் அவர்களிடம் இவ்வேறுபாடு இன்றியமையாதது. எனினும் வீக்கம் மிகுந்தால் முனைகள் விரலுக்குப் புலப்படா.

நாடியும் நரம்பும்

மூட்டின் முன்புறம் புயத் தமனியும் நடு நரம்பும் செல்கின்றன. உட்புடைப்பின் பின்னால் அரந்தி நரம்பு செல்கிறது. எனவே மணிக்கட்டு நாடி, விரல்களின் நிறம், அசைவு, சுட்டுவிரல் நுனியிலும் சுண்டுவிரல் நுனியிலும் உள்ள உணர்வு ஆகியவற்றை மூட்டைப் பொருத்துவதற்கு முன்னும் பின்னும் சோதித்தல் வேண்டும். முறிவை நழுவல் எனக் கொண்டு இழுத்தால் கூரிய எலும்பு முனை தமனியைச் சிதைக்கக்கூடும்.

ஊடுகதிர்ப் படம்

முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் படமெடுத்தல் வேண்டும். ஆரை எலும்பின் கழுத்து நடுவே வரையும் கோடு, மேற்கை எலும்பின் வெளிப்புறக் குமிழை இரு படங்களிலும் சந்திக்க வேண்டும். சந்திக்காவிடில் ஆரையின் தலை நழுவியுள்ளது எனலாம். அரந்தி முறிவுடன் இந்நழுவலும் சேரும் காயத்தை இத்தாலிய மருத்துவர் மொன்டேஜியா 1814இல், ஊடுகதிர் கண்டறியப்பட்ட 1895க்கு நெடுங்காலம் முன்பே, விவரித்தார். இன்றும் முறிவை மட்டும் கண்டு நழுவலைத் தவறவிடுதல் நேர்கிறது. ஆதலின் முன்கை முறிவுக்கான படத்தில் முழங்கையும் மணிக்கட்டும் இடம்பெற வேண்டும்.

முடிவுரை

முக்கோணம் நழுவலை முறிவினின்று பிரிக்கிறது. நாடியும் உணர்வும் சிகிச்சையின் அவசரத்தை உணர்த்துகின்றன. படம் மறைந்த காயத்தை வெளிப்படுத்துகிறது. இவற்றுள் ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. தெளிவான படம் கிடைக்கும் இக்காலத்திலும் தொட்டறியும் சோதனையின் தேவை குறையவில்லை என்பது இதனால் பெறப்படும்.