பூமாலை: கேசட்டில் வந்த பத்திரிகை

போன மாதம் ஊருக்குப் போனபோது, பாளையங்கோட்டையில் ஒரு காலத்தில் வீடியோ லைப்ரரி நடத்திய ஒரு அண்ணாச்சியைத் தேடிப் பிடித்தேன். இப்போ செல்போன் கவர், சார்ஜர் விற்கிறார். எனக்கு வேண்டியது ஒரே ஒரு பொருள்: 'பூமாலை' கேசட்.

நாற்பதைத் தாண்டினவங்களுக்குத்தான் இந்தப் பேர் லேசா ஞாபகம் இருக்கும். 1990-ல் கலாநிதி மாறன் தொடங்கிய தமிழ் வீடியோ பத்திரிகை அது. மாதாமாதம் வரும். வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ டெக்கில் போட்டுப் பார்க்கணும்.

இதையெல்லாம் எதுக்குக் கேசட்டில் போடணும்? காரணம் சட்டம். 1885-ம் வருஷத்து இந்தியத் தந்திச் சட்டப்படி ஒளிபரப்பு உரிமை மத்திய அரசிடம்தான் இருந்தது. எங்க பக்கம் தூர்தர்ஷனை விட்டால், ஆன்டெனாவைத் திருப்பிப் பிடிக்கிற இலங்கை ரூபவாஹினி. அவ்வளவுதான். ஆனால் கேசட் ஒளிபரப்பு இல்லையே! தணிக்கைச் சான்றிதழ் வாங்கிவிட்டால் கடையில் விற்கலாம். 1988-ல் இந்தியா டுடே குழுமத்தின் 'நியூஸ்ட்ராக்' இந்த வழியில்தான் வந்தது. 1990-ல் மண்டல் கமிஷன் எதிர்ப்புப் போராட்டங்களைத் தெருவில் இறங்கிப் படம்பிடித்துப் பேர் வாங்கியது.

பூமாலை 1992-ல் நின்றுபோனது. முக்கியக் காரணம் திருட்டு கேசட். ரெண்டு டெக்கும் ஒரு வயரும் இருந்தால் போதும், யார் வேண்டுமானாலும் காப்பி எடுக்கலாம். அதைவிடப் பெரிய ஓட்டை தெரு கேபிள். ஆபரேட்டர் தன் வீட்டு டெக்கில் ஒரு கேசட்டைப் போட்டால் நூறு வீட்டில் படம் ஓடும். பார்த்தது நூறு வீடு, விற்றது ஒரு கேசட்.

இங்கேதான் எனக்குச் சுவாரசியம். 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டிவி வந்தது. அது எந்த வழியாக வீடுகளுக்குள் வந்தது? அதே தெரு கேபிள் வழியாக! ஆபரேட்டர் மாடியில் ஒரு டிஷ் வைத்தார், மற்றபடி வயர் அதேதான். சரக்கை ஒவ்வொரு பிரதியாக விற்கிறவனுக்கு அந்த வயர் எமன். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் காட்டி, விளம்பரத்தில் சம்பாதிக்கிறவனுக்கு அதுவே ராஜபாட்டை. மென்பொருள் துறையில் இருக்கிற எனக்கு இது பழகின கதை. காப்பியைத் தடுக்கப் போராடினவங்களைவிட, காப்பியே தேவைப்படாத ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவங்கதான் ஜெயிச்சாங்க.

நியூஸ்ட்ராக்கை நடத்திய குழுமமும் அதே திசையில்தான் போனது. 1995-ல் தூர்தர்ஷன் மெட்ரோவில் 'ஆஜ் தக்' நிகழ்ச்சி, 2000 கடைசியில் அதே பேரில் 24 மணி நேரச் சேனல்.

சரி, கேசட் கிடைத்ததா? பரணிலிருந்து ஒன்று எடுத்துத் தந்தார். மேலே 'பூமாலை' என்று பேனாவில் எழுதியிருந்தது. சென்னைக்குக் கொண்டுவந்து ஓட்டினால் நாதஸ்வரம், கெட்டிமேளம்! முதுகுப் பக்கத்தில் உடைத்திருந்த பிளாஸ்டிக் துண்டின் இடத்தில் செல்லோடேப் ஒட்டி, மேலேயே ஒரு கல்யாணத்தைப் பதிந்திருக்கிறார்கள். போனில் சொன்னேன்.

"அப்ப வெறும் கேசட் என்ன வெல தெரியுமா? பாத்து முடிச்ச கேசட்ட வச்சி என்ன செய்ய? அதான் எவனோ கல்யாணத்த ஏத்திட்டாம்லா" என்றார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. 1990-ல் வந்த வாரப் பத்திரிகையை ஏதாவது ஒரு நூலகத்தில் இன்றைக்கும் புரட்டலாம். அதே வருஷத்து கேசட்டுக்கு அப்படி ஒரு இடம் இல்லை. பரணில் மிச்சம் இருக்கிறதையும் பூஞ்சை தின்றுகொண்டிருக்கிறது.

உங்க வீட்டுப் பரணில் பழைய கேசட் கிடந்தால், தூக்கிப் போடுவதற்கு முன்னால் ஒருமுறை லேபிளைப் பாருங்க.