கண்ணாடிப் பேழையில் ஆர்க்கிட்: காற்றோட்டமும் நீர்த் தெளிப்பும்

பெங்களூரில் அல்சூரை அடுத்துள்ள மர்பி டவுன், தமிழ் பேசும் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் பழைய குடியிருப்புகளுள் ஒன்றாகும். வீடுகள் நெருங்கி நிற்கின்றன. தோட்டத்திற்கு இடம் அரிது. இத்தகைய இடங்களில் செடி வளர்க்க விரும்புவோர்க்கு ஜன்னலோரத்தில் வைக்கத்தக்க கண்ணாடிப் பேழை வசதியானதொரு சாதனம். பள்ளியின் விஞ்ஞான அறையிலும் அதனை வைக்கலாம். ஆயின் அதில் ஆர்க்கிட் செடிகளை வளர்க்க முற்படுவோர் பலர் ஏமாற்றமடைகின்றனர். முதல் மாதம் செடி தளதளவென்று நிற்கிறது. பின்னர் குருத்துக் கறுத்து, இலைகள் நீர் கோத்து அழுகுகின்றன. ஈரம் போதவில்லை போலும் என்று எண்ணி, வளர்ப்பவர் மேலும் நீரைத் தெளிக்கிறார். பெரும்பாலும் அங்கே குறைவாயிருப்பது காற்றோட்டமே.

இப்பிழையின் விளைவு பேழையோடு நிற்பதில்லை. பட்டுப்போன செடிக்குப் பதிலாக மற்றொன்று வாங்கப்படுகிறது. அது காட்டு மரத்திலிருந்து பிடுங்கப்பட்டதாகவும் இருக்கக்கூடும். இந்தியத் தாவரவியல் சர்வே 2019-ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி நம் நாட்டில் 1,256 ஆர்க்கிட் இனங்கள் உள்ளன. அவற்றுள் 757 இனங்கள் மரங்களைப் பற்றி வாழ்பவை. விதை முளைத்துப் பூக்கும் பருவத்தை எய்தச் சில ஆண்டுகள் செல்லுமாதலால், எடுத்த இடம் எளிதில் நிரம்புவதில்லை. நீல வாண்டா முதலிய சில இனங்களுக்கு 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமே காப்பு அளிக்கிறது. நாற்றுப் பண்ணையில் பெருக்கிய செடியையே வாங்குதலும், வாங்கியதைச் சாகாமல் காத்தலும் ஒரே கடமையின் இரு பகுதிகள் எனலாம்.

கண்ணாடிப் பேழையின் வரலாறு 1829-இல் தொடங்குகிறது. லண்டன் மருத்துவரான நத்தானியல் வார்டு, அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை ஈர மண்ணுடன் ஒரு சீசாவில் மூடி வைத்திருந்தார். பூச்சியைக் காண எண்ணியவர் பெரணிச் செடி முளைத்திருப்பதைக் கண்டார். மண்ணிலிருந்து எழும் நீராவி கண்ணாடியில் குளிர்ந்து மீண்டும் மண்ணுக்கே திரும்புவதை அறிந்த அவர், 1833-இல் இரு பேழைகளில் செடிகளைச் சிட்னி நகருக்குக் கப்பலில் அனுப்பி வெற்றி கண்டார். 1848-க்குப் பின் ராபர்ட் பார்ச்சூன் சீனத் தேயிலைக் கன்றுகளை இந்தியாவிற்குக் கொணர்ந்ததும் இத்தகைய பேழைகளிலேதான். எனினும் பெரணிக்கு இதமான இம்மூடிய வாழ்வு ஆர்க்கிடுக்குப் பொருந்துவதில்லை. அக்காலத்து இங்கிலாந்தில் ஆர்க்கிட் செடிகளை வெப்பமும் ஈரமும் மிகுந்து காற்று அசையாத கண்ணாடி வீடுகளில் அடைத்துவைத்தனர். அவை திரள்திரளாக மடிந்தன. சாட்ஸ்வொர்த் தோட்டத்தில் ஜோசப் பாக்ஸ்டன் வெப்பத்தைக் குறைத்துக் காற்றைப் புகவிட்ட பின்னரே நிலைமை திருந்தலாயிற்று.

இதற்குரிய காரணம் வேரில் இருக்கிறது. மரத்தில் வாழும் ஆர்க்கிடின் வேர் மண்ணை அறியாதது. அதன் மேல் வெலமன் எனப்படும், உயிரற்ற உயிரணுக்களாலான கடற்பஞ்சு போன்ற உறையொன்று உள்ளது. மழை பட்டவுடன் அது நீரை உறிஞ்சிக்கொள்கிறது. பின்னர் மெல்ல உலர்கிறது. உலர்ந்த வேர் வெள்ளி நிறமாகவும், நனைந்த வேர் பசுமையாகவும் தோன்றும். உறை எப்பொழுதும் நீரால் நிரம்பியிருந்தால், வேருக்கு வேண்டிய பிராணவாயு அதனூடே போதுமான அளவு செல்ல இயலாது. ஆதலின் நனைதலும் உலர்தலும் மாறிமாறி நிகழ்தல் வேண்டும்.

ஒரு சிறு கணக்கை ஆசிரியர்கள் மாணவர்க்குச் செய்து காட்டலாம். 60 சென்டிமீட்டர் நீளமும், 45 சென்டிமீட்டர் அகலமும், அதே அளவு உயரமும் உள்ள பேழையின் கொள்ளளவு சுமார் 121 லிட்டர். 25 டிகிரி சென்டிகிரேடில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 23 கிராம் நீராவியைத்தான் கொள்ளும். எனவே பேழை முழுவதையும் நிறைவுறச் செய்ய 3 கிராமுக்கும் குறைவான நீர், அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைந்த அளவே போதும். அதற்கு மேல் தெளிப்பது காற்றில் நில்லாது. இலையிலும் குருத்திலும் தங்கும். இரவில் உள்வெப்பம் 20 டிகிரிக்கு இறங்கினால், கன மீட்டருக்கு 17 கிராம் நீராவியே நிற்கும். எஞ்சியது பனியாகப் படியும். குருத்தில் தேங்கிய இந்நீரே அழுகல் நோய்க் கிருமிகளுக்கு விளைநிலமாகிறது.

இலையைச் சுற்றி அசையாத காற்றின் மெல்லிய போர்வை ஒன்று எப்பொழுதும் ஒட்டிக்கொண்டிருக்கும். 5 சென்டிமீட்டர் அகலமுள்ள இலையின் மேல் விநாடிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்தில் காற்று சென்றால் அப்போர்வையின் கனம் சுமார் 3 மில்லிமீட்டர். வேகம் 1 மீட்டரானால் 1 மில்லிமீட்டருக்கும் குறைவு. போர்வை மெலிந்தால் ஈரம் விரைவில் நீங்கும். கரியமிலவாயுவும் இலைக்கு எளிதில் எட்டும்.

பேழையின் முன்புறத்தில் அடியில் நீண்டதொரு பிளவும், பின்புறத்தில் உச்சியில் நுண்வலையிட்ட திறப்பும் அமைத்தல் நன்று. நீராவி நிறைந்த காற்று உலர்ந்த காற்றைக் காட்டிலும் இலேசானது (பலர் இதனை நேர்மாறாகவே கருதுகின்றனர்). அது மேலே எழுந்து வெளியேற, கீழே புதுக்காற்று நுழையும். உள்ளே கணிப்பொறிகளில் பயன்படும் 12 வோல்ட் சிறு விசிறி ஒன்று போதும். அதனை வெளியே காற்றை இறைக்கும்படி வைத்தால் பேழை சில நாழிகையில் வறண்டுவிடும்; உட்காற்றையே சுழற்றும்படி, கண்ணாடியை ஒட்டி மேல்நோக்கி வைத்தல் வேண்டும். செடியின் மேல் நேராக வீசலாகாது. ஊதுபத்தியின் புகையைச் சிறிதளவு உட்செலுத்திப் பார்த்தால் காற்று எங்கே சுழல்கிறது, எந்த மூலையில் தேங்குகிறது என்பது தெளிவாகப் புலப்படும். மின்மாற்றியைப் பேழைக்கு வெளியே வைப்பதுடன், மின்கம்பி சற்றுத் தாழ்ந்து தொங்கிப் பின் மேலேறுமாறு செய்தால், கம்பி வழியே ஓடும் நீர் மின் இணைப்பை அடையாது.

நீர் தெளிக்கச் சிறு பம்பும் நுண்துளைக் குழல்முனையும் பயன்படுகின்றன. கையால் அழுத்தும் தெளிப்பானும் குறைந்ததன்று. காலையில் ஒரு முறை வேர்கள் பசுமையாகும்வரை தெளித்தல் முறை. இலைகள் இரண்டு மணி நேரத்திற்குள் உலர்ந்துவிட வேண்டும். உலராவிடில் நீரைக் குறைப்பதற்கு முன் காற்றோட்டத்தைச் சீர்செய்க. மின்சாரம் தடைப்படும் ஊர்களில் பம்பைவிட விசிறிக்கே மின்கல ஏற்பாடு தேவை. ஒரு நாள் நீரின்றிச் செடி தாங்கும். நனைந்த இலையோடு காற்றின்றி ஓரிரவு கழிவதே ஆபத்து.

பெங்களூரின் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் கடினமானது. அதிலுள்ள சுண்ணாம்பு குழல்முனையை அடைப்பதோடு, இலைகளில் வெண்படலமாகவும் படியும். மழைநீரைச் சேமித்துப் பயன்படுத்துவதே சிறந்தது. அடைத்த முனையை வினிகரில் ஊறவைத்தால் திறந்துகொள்ளும். பேழையின் அடியில் கூழாங்கல் பரப்பி, மிகுநீரை வடிக்கக் குழாய் வைத்தல் அவசியம். தேங்கிய நீரில் டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு ஏறக்குறைய ஒரு வாரத்தில் முட்டையிலிருந்து முழு வளர்ச்சி அடைந்துவிடும் என்பதைச் சுகாதாரப் பணியாளர்க்கு எடுத்துரைக்கத் தேவையில்லை.

தெளிப்பைத் தானே இயக்கும் கடிகார விசை பருவத்தை அறியாது. கடல் மட்டத்திற்குச் சுமார் 900 மீட்டர் உயரத்தில் அமைந்த இந்நகரில், மார்ச், ஏப்ரல் மாதங்களின் பிற்பகலில் காற்றின் ஈரப்பதம் 40 சதவிகிதத்திற்கும் கீழே இறங்குவதுண்டு. அப்பொழுது பிற்பகல் நான்கு மணியளவில் இரண்டாம் முறை தெளிக்கலாம். மேற்குப்புற ஜன்னலாயின் வெயில் நேரே படாதவாறு திரையிடுதல் வேண்டும், ஏனெனில் மூடிய கண்ணாடிக்குள் வெப்பம் விரைந்து ஏறும். ஜூன் முதல் அக்டோபர் வரையிலான மழைநாட்களிலோ காலைத் தெளிப்பையும் சில நாள் நிறுத்த நேரிடும். அன்றன்று காலையில் வேரைப் பார்க்க வேண்டும். வேர் பசுமையாயிருந்தால் அன்று நீர் வேண்டாம். விசிறி மட்டும் ஓடட்டும்.