படம் ஏன் பச்சை அடிக்கிறது?

கல்யாண ஆல்பத்தைப் புரட்டுகிறீர்கள். முகூர்த்தப் படத்தில் பெண்ணின் முகம் மஞ்சள் அடிக்கிறது. வரவேற்புப் படத்தில் அதே முகம் பச்சை. பந்திப் படத்தில் இலையில் விழுந்த சோறு இளஞ்சிவப்பு. வாசலில் எடுத்த படத்தில் மாப்பிள்ளையின் வேட்டி நீலம். ‘கேமரா சரியில்லை’ என்று யாராவது சொல்வார்கள். இல்லாவிட்டால் ‘போட்டோகிராபர் சரியில்லை’. அவசரப்பட வேண்டாம். டீயை ஊற்றிக்கொண்டு ஆற அமரப் பார்ப்போம். வேண்டாத நிறம் படம் முழுக்கப் படிந்திருக்கிறதா, ஒரு பகுதியில் மட்டுமா, ஒரே ஒரு பொருளிலா, படத்துக்குப் படம் மாறுகிறதா? இந்த நாலு கேள்விக்கும் பதில் தெரிந்தால் காரணம் தானாக வெளியே வந்துவிடும்.

அதற்கும் முன்னால் திரையைச் சந்தேகப்படுங்கள். கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று போனிலும் லேப்டாப்பிலும் ராத்திரியில் திரையை மஞ்சளாக்கும் வசதி இருக்கிறது. அதை அணைத்துவிட்டுப் படத்தைத் திரும்பப் பாருங்கள். இன்னொரு போனிலும் பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் படத்தில் குறையில்லை. எல்லா நிறமும் சோகை பிடித்ததுபோல் வெளிறியிருந்தால் கேமராவின் கலர் ஸ்பேஸ் அடோபி ஆர்ஜிபியில் இருக்கிறதா என்று பாருங்கள். பிரிண்ட் போடும் லேப் கேட்டால் ஒழிய எஸ்ஆர்ஜிபியே போதும்.

இப்போது கேமராவுக்குள் போவோம். குண்டு பல்பின் கீழே வேட்டி நமக்கு வெள்ளை, டியூப் லைட்டின் கீழேயும் வெள்ளை. ஒளி மாறினாலும் மூளை கழித்துக் கூட்டி வெள்ளையை வெள்ளையாகவே காட்டிவிடுகிறது. சென்சாருக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. விழுகிற ஒளியை அப்படியே அளக்கும். போதாக்குறைக்கு, கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற அமைப்பைத்தான் இன்றும் பெரும்பாலான கேமராக்கள் பின்பற்றுகின்றன. அதில் ஒவ்வொரு நாலு புள்ளியிலும் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். சென்சார் தருவதைத் திருத்தாமல் திரையில் போட்டால் படம் பச்சையாகத்தான் தெரியும். ஆக, கேமரா ஒவ்வொரு படத்துக்கும் சிவப்பையும் நீலத்தையும் ஏதோ ஓர் அளவுக்குப் பெருக்கியே ஆக வேண்டும். எவ்வளவு பெருக்குவது என்று சொல்வதுதான் ஒயிட் பேலன்ஸ். அந்தக் கணக்கு தப்பும்போது படம் ஏதாவது ஒரு நிறம் அடிக்கிறது.

ஒளியின் நிறத்தை கெல்வினில் சொல்வார்கள். மெழுகுவர்த்திச் சுடர் சுமார் 1900, குண்டு பல்பு 2700 முதல் 2800 வரை, உச்சி வெயில் 5500 வாக்கில், நம் வீடுகளின் வெள்ளை டியூப் லைட் 6500, வானம் மட்டும் வெளிச்சம் தரும் நிழல் 7000-க்கும் மேல். எண் ஏற ஏற ஒளி நீலமாகும். கேமராவில் எண்ணை ஏற்றினாலோ படம் மஞ்சளாகும். புதிதாகப் பழகுபவர்கள் தடுமாறும் இடம் இது. நீங்கள் கேமராவிடம் சொல்வது ‘இங்கே ஒளி இவ்வளவு நீலம்’ என்ற தகவல். அது அந்த நீலத்தை ஈடுகட்ட மஞ்சளைச் சேர்க்கிறது, அவ்வளவுதான்.

முதல் கேள்வி, நிறம் படம் முழுக்க ஒரே சீராகப் படிந்திருக்கிறதா? அப்படியானால் செட்டிங்கைப் பாருங்கள். நேற்று மண்டபத்துக்குள் குண்டு பல்புக்கான டங்ஸ்டனில் வைத்ததை மாற்றாமல் இன்று வெயிலில் எடுத்தால் எல்லாம் நீலம். வெயிலுக்கான டேலைட்டில் வைத்துக் குண்டு பல்பின் கீழ் எடுத்தால் எல்லாம் ஆரஞ்சு. செட்டிங் சரியாக இருந்தும் நிறம் போகவில்லை என்றால் ஒயிட் பேலன்ஸ் ஷிஃப்ட் என்ற சதுரக் கட்டத்தைத் திறந்து பாருங்கள். புள்ளி நடுவில் இருக்க வேண்டும். தெரியாமல் விரல் பட்டு ஒரு மூலைக்குப் போயிருந்தால், கேமராவை அணைத்துப் போட்டாலும் அது அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

ஆட்டோ ஒயிட் பேலன்ஸும் ஏமாறும். ஒரு காட்சியின் எல்லா நிறங்களையும் கலந்தால் ஏறக்குறைய சாம்பல் வரும் என்பது அதன் அடிப்படைக் கணக்குகளில் ஒன்று. தலைவாழை இலையை நெருங்கி எடுக்கும்போது சட்டம் நிறையப் பச்சை. ‘ஒளிதான் பச்சை போலிருக்கிறது’ என்று நினைத்து கேமரா மெஜந்தாவைச் சேர்க்கிறது; சோறு இளஞ்சிவப்பாகிவிடுகிறது. நெல் வயலிலும் செங்கல் சுவர் முன்னாலும் இதே கதைதான். அங்கெல்லாம் ஆட்டோவை விட்டுவிட்டு ஒளிக்கேற்ற செட்டிங்கை நீங்களே வைத்துவிடுங்கள்.

டியூப் லைட்டின் கதை தனி. அதற்குள் இருக்கும் பாதரச ஆவி 546 நானோமீட்டரில், அதாவது நல்ல பச்சையில், கூர்மையாக ஒளியை உமிழ்கிறது. கெல்வின் எண் நீலம், மஞ்சள் என்ற திசையில் மட்டுமே நகரும்; பச்சையை அது தொடாது. அதற்குத்தான் திருத்தும் மென்பொருள்களில் டிண்ட் என்று இன்னொரு பட்டை. பச்சை அடிக்கிற முகத்தை மஞ்சளோ நீலமோ சேர்த்து மீட்க முடியாது. டிண்டை மெஜந்தா பக்கம் தள்ளுங்கள்.

இரண்டாவது கேள்வி, நிறம் ஒரு பகுதியில் மட்டும் இருக்கிறதா? முகம் சரி, பின்னால் மேடை முழுக்க ஆரஞ்சு என்றால் அங்கே இரண்டு ஒளிகள் இருந்திருக்கின்றன. முகத்தில் விழுந்தது 5500 கெல்வின் ஃப்ளாஷ், மேடையில் விழுந்தது 2800 கெல்வின் பல்பு. ஒரே எண்ணால் இரண்டையும் சரிசெய்ய முடியாது. ஒன்றைத் திருத்தினால் மற்றது கெடும். ஃப்ளாஷின் மேல் ஆரஞ்சு ஜெல் தாளை ஒட்டி, அதன் ஒளியையும் பல்பின் நிறத்துக்கே கொண்டுவந்து, கேமராவை டங்ஸ்டனில் வைப்பது ஒரு வழி. டியூப் லைட்டுக்குப் பச்சை ஜெல். காசில்லாத வழியும் உண்டு: மேடையின் ஊதா எல்இடியை முகூர்த்த நேரத்துக்கு மட்டும் அணைக்கச் சொல்லிக் கேட்பது.

மூன்றாவது கேள்வி, ஒரே ஒரு பொருள் மட்டும் நிறம் மாறியிருக்கிறதா? சிவப்புப் பட்டில் பட்டுத் திரும்பிய ஒளி தாடையின் அடியில் சிவப்பாக விழும். ஃப்ளாஷைச் சுவரில் அடித்துத் திருப்புகிறவர்கள் சுவர் என்ன வண்ணம் என்று முதலில் பார்க்க வேண்டும். பச்சைச் சுவர் பச்சை முகத்தைத் தரும். கறுப்புச் செயற்கை இழைத் துணி ஊதாவாகத் தெரிந்தால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி சென்சாருக்குள் கசிகிறது என்று பொருள். 2006-இல் வந்த லைக்கா எம்8 கேமராவில் இந்தச் சிக்கல் பெரிதாகப் பேசப்பட்டது. அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டியை சென்சாரின் முன்னால் மெலிதாக வைத்திருந்தார்கள். கடைசியில் லென்ஸின் முன் மாட்டும் இரண்டு ஃபில்டர்களை வாங்கியவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள்.

நான்காவது கேள்வி, படத்துக்குப் படம் மாறுகிறதா? தொடர்ந்து எடுத்த படங்களில் ஒன்று மஞ்சள், ஒன்று பச்சை, ஒன்றில் பாதி இருட்டு என்றால் விளக்கு துடிக்கிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய டியூப் லைட்டும் மலிவான எல்இடியும் அதனால் விநாடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. கூடும்போது ஒரு நிறம், குறையும்போது வேறு நிறம். ஷட்டர் 1/500 என்றால் அந்தத் துடிப்பின் ஒரு துண்டுதான் மாட்டும். 1/100 அல்லது 1/50 வைத்தால் முழுத் துடிப்பும் உள்ளே வந்து நிறம் நிலைக்கும். கேமராவில் ஆன்ட்டி ஃப்ளிக்கர் இருந்தால் வேகத்தைக் குறைக்காமலே அது விளக்கின் உச்சத்துக்காகக் காத்திருந்து சுடும்.

எடுத்து முடித்த படத்தைத் திருத்துவதற்கும் ஒழுங்கு உண்டு. மென்பொருளின் ஐட்ராப்பரால் நடுநிலையான இடம் ஒன்றைத் தொட்டால் மற்ற நிறங்கள் அதை ஒட்டிச் சரியாகும். எதைத் தொடுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். கைக்குக் கிடைத்தது வெள்ளை வேட்டி என்று அதைத் தொடாதீர்கள். அதில் போட்ட நீலம் துணிக்கு நீலச் சாயல் தருகிறது; சோப்புத் தூளில் இருக்கும் வெளுப்பூட்டிகள் வெயிலின் புற ஊதாவை வாங்கி நீலமாகத் திருப்பித் தருகின்றன. அதை நடுநிலை என்று மென்பொருளிடம் சொன்னால் படம் முழுக்க மஞ்சளாகும். எவர்சில்வர் பாத்திரம் சுற்றியிருக்கும் நிறத்தைத்தான் காட்டும். வெளிச்சம் மிஞ்சி வெளுத்துப்போன இடத்தில் நிறத் தகவலே இருக்காது. நம்பகமானது 18 சதவீதச் சாம்பல் அட்டைதான். ஒளி மாறும் ஒவ்வொரு இடத்திலும் அதை முகத்தருகே பிடித்து ஒரு படம் எடுத்துவைத்தால் பிறகு ஊகிக்க வேண்டியதில்லை. அட்டை இல்லாதபோது தோலின் எண்களைப் பாருங்கள். மாநிறமோ கறுப்போ சிவப்போ, யாருடைய தோலிலும் சிவப்பு எண் கூடுதலாக, பச்சை அடுத்ததாக, நீலம் குறைவாக இருக்கும். இந்த வரிசை புரண்டிருந்தால் நிறமும் புரண்டிருக்கிறது.

இதையெல்லாம் சென்சார் தந்ததை அப்படியே சேமிக்கும் ரா கோப்பில் செய்யுங்கள். அதில் ஒயிட் பேலன்ஸ் வெறும் குறிப்பு. எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஜேபெக்கில் அது படத்தோடு வெந்துவிட்டது. ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகளே மிச்சம். 14 பிட் ராவில் 16,384 படிகள்.

ஆனாலும் ஒளியில் இல்லாத நிறத்தை எந்தச் செட்டிங்கும் வரவழைக்காது. சோடியம் விளக்கில் பெரும்பகுதி மஞ்சளும் ஆரஞ்சும்தான்; மேடையின் நீல எல்இடியில் நீலத்தைத் தவிர வேறில்லை. அப்படிப்பட்ட படத்தோடு மல்லுக்கட்டாமல் கறுப்பு வெள்ளையாக மாற்றிவிடுவது நல்லது.

எல்லா நிறத்தையும் துரத்த வேண்டியதும் இல்லை. ஹோமத் தீயின் முன் உட்கார்ந்திருக்கும் மணமக்கள் மேல் மஞ்சள் விழுவது நியாயம். அதை முழுக்கத் துடைத்தால் முகம் சாம்பல் பூத்துப்போகும். பல்பும் தீயும் கலந்த ஒளி 2800 கெல்வின் என்றால் திருத்தும்போது 3300-இல் நிறுத்திப் பாருங்கள்: வெள்ளை ஓரளவு வெள்ளையாகவும், தீயின் இதம் தோலில் மிச்சமாகவும் இருக்கும். நிறுத்தும் இடம் 3200-ஆ 3500-ஆ என்பதைப் படத்துக்குப் படம் கண் சொல்லட்டும். அந்தப் பொழுதில் அங்கே இருந்தது நீங்கள்தான், மென்பொருள் அல்ல.