முடிச்சூர் வெள்ளம் வந்தது 2010 ஜனவரியிலா? போட்டோக்களின் தப்பான தேதியைத் திருத்துவது எப்படி!

கூகுள் போட்டோஸில் 2010 ஜனவரி 1-ம் தேதிக்குப் போனால், எங்க முடிச்சூர் வீட்டு ஹாலில் இடுப்பளவு தண்ணீர் நிற்கிறது. புத்தாண்டு அன்னிக்கு ஏது வெள்ளம்? அது உண்மையில் 2015 டிசம்பர் 2. தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ மழை கொட்டி, முடிச்சூர், வரதராஜபுரம் தெருக்களுக்குள் அடையாறு புகுந்த நாள்.

தப்பு எங்க பழைய டிஜிட்டல் கேமராவுடையது. பேட்டரி தீர்ந்து ரொம்ப நாள் கிடந்தால், உள்ளே ஓடும் கடிகாரமும் நின்று, கேமரா தன்னோட ஆரம்பத் தேதிக்கே போய்விடும். ஆன் பண்ணினால் 'தேதி என்ன?' என்று கேட்கும். வீட்டுக்குள்ளே தண்ணி வரும்போது அதுக்கு யார் பதில் சொல்லிக்கிட்டிருப்பாங்க?

'படம் இருக்குல்ல, தேதி எதுக்கு?' என்று விட்டுவிடலாம்தான். ஆனால், முடிச்சூரில் அந்த வருஷம் நவம்பர் நடுவில் ஒரு தடவை, டிசம்பரில் இன்னொரு தடவை எனத் தண்ணீர் புகுந்தது. தரையை எவ்வளவு உயர்த்தணும் என்று கொத்தனார் கேட்கும்போதும், வீடு வாங்க வருகிறவர் விசாரிக்கும்போதும், சுவரில் தெரியும் கோடு எந்த வெள்ளத்துடையது, கேட்டிலிருந்து ஜன்னல் வரை ஏற எத்தனை மணி நேரம் ஆச்சு என்பதெல்லாம் தெரியணும். அந்தப் பதில் படங்களின் நேரத்தில்தான் இருக்கு.

ஒவ்வொரு போட்டோ ஃபைலுக்குள்ளும் 'எக்ஸிஃப்' என்றொரு குறிப்பு ஒளிந்திருக்கும். எடுத்த தேதி, மணி, நிமிடம், நொடி எல்லாம் அதில் பதிவாகும். நல்ல விஷயம் என்னன்னா, தப்பான தேதியில் ஆரம்பித்தாலும் கேமரா கடிகாரம் ஒழுங்காகத்தான் ஓடும். ரெண்டு படங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி சரியாகவே இருக்கும். அதனால், ஒரே ஒரு படத்தின் உண்மையான நேரம் தெரிந்தால் போதும், மொத்தத்தையும் மீட்டுவிடலாம்.

எங்களுக்குக் கிடைத்தது சுவர்க் கடிகாரம். ஒரு படத்தின் மூலையில் அது காலை 6.40 காட்டுகிறது. கேமரா கணக்கில் அதே படம் 2010 ஜனவரி 1, அதிகாலை 2.10. வித்தியாசம் 2,161 நாள், நாலரை மணி நேரம். உங்க படத்தில் கடிகாரம் இல்லையா? டிவி ஸ்க்ரீன், கடை பில், தாம்பரம் ஸ்டேஷன் இண்டிகேட்டர் எதுவானாலும் சரி. துபாயிலிருந்து வந்த அண்ணன் கேமரா என்றால் கணக்கு இன்னும் ஈஸி, அங்கத்திய நேரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால்.

இனி கம்ப்யூட்டரில் கூகுள் போட்டோஸைத் திறந்து, அந்தப் படங்களை மொத்தமாக செலக்ட் செய்து, மூன்று புள்ளி மெனுவில் தேதி, நேரம் திருத்தும் ஆப்ஷனுக்குப் போங்க. அதில் 'ஷிஃப்ட்' என்று இருப்பதைத் தேர்வு செய்து, முதல் படத்துக்குச் சரியான நேரம் கொடுத்தால், மற்றவை அதே அளவு நகரும். கவனம்: பக்கத்திலிருக்கும் இன்னொரு ஆப்ஷன் எல்லாப் படத்துக்கும் ஒரே நேரத்தைப் போட்டுவிடும். ஐபோனில் படத்தை மேலே தள்ளினால் 'அட்ஜஸ்ட்' வரும்.

நாங்க சறுக்கினது வேறொரு இடத்தில். கரன்ட் இல்லாத நாட்களில் பேட்டரி மறுபடி செத்து, கடிகாரம் இன்னொரு தடவை ரீசெட் ஆகியிருக்கு. சாயங்காலம் எடுத்த படகுப் படங்கள் விடியற்காலைக்குப் போனபோதுதான் புரிந்தது. ரெண்டாவது தொகுப்புக்குத் தனிக் கணக்கு போடவேண்டியிருந்தது.

கூகுள் போட்டோஸில் செய்யும் திருத்தம் அங்கே மட்டும்தான். டவுன்லோடு செய்தால் ஃபைலுக்குள் பழைய தேதியே இருக்கும். ஃபைலையே மாற்ற, 'எக்ஸிஃப்டூல்' என்ற இலவச மென்பொருள் இருக்கு. கமாண்ட் டைப் பண்ணணும், கொஞ்சம் முரடு. ஆனால், ஒரிஜினலைத் தனிப் பிரதியாக வைத்துவிட்டுத்தான் கை வைக்கும்.

வாட்ஸ்அப்பில் வந்த படங்கள்தான் பெரிய தலைவலி. சாதாரணமாக அனுப்பினால் எக்ஸிஃப் கழன்றுவிடும். ஆண்ட்ராய்டில் ஃபைல் பெயரில் 20231204 என்று இருந்தால், அது படம் எடுத்த நாள் இல்லை, உங்களுக்கு வந்த நாள். 2015 படத்தை யாராவது மிக்ஜாம் புயல் அன்னிக்கு ஃபார்வர்டு பண்ணியிருந்தாலும் அப்படித்தான் காட்டும்.

பக்கத்து வீட்டு அக்காவிடம் அன்றைய படங்கள் இருந்தால், பழைய போனைத் தேடி எடுத்து, 'டாக்குமென்ட்'டாக அனுப்பச் சொல்லுங்க. அப்படி வந்தால் தேதி கூடவே வரும்.