கான்ராட் வைசர் குடும்பக் கல்லறை
வோமல்ஸ்டார்ஃப், பென்சில்வேனியா

கான்ராட் வைசரும் (1696–1760) மனைவி அன்னா ஈவாவும் இங்கே அடக்கம் செய்யப்பட்டுள்ளனர்.

ஜெர்மனியின் வூர்ட்டம்பர்க் பகுதியில் பிறந்த வைசர், 1709இல் தாயை இழந்தார். மறுஆண்டு தந்தையுடன் நியூயார்க் வந்து சேர்ந்தார். ஆங்கிலேயக் கடற்படைக்குப் பைன் மரத்திலிருந்து தார் எடுப்பதற்காக அழைத்துவரப்பட்ட ஏறத்தாழ 3,000 ஜெர்மானிய ஏழைகளில் இக்குடும்பத்தினரும் அடங்குவர். அம்முயற்சி தோற்றது, குடும்பங்கள் பட்டினி கிடந்தன.

1712ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், பதினாறு வயது வைசரைத் தந்தை மோஹாக் பழங்குடியினரிடம் அனுப்பினார். பசியிலும் கடுங்குளிரிலும் அவர்களோடு வாழ்ந்து அவர் கற்ற மொழியே பின்னாளில் அவருடைய வாழ்க்கையாயிற்று. 1729இல் மனைவி மக்களுடன் இப்பள்ளத்தாக்கில் குடியேறிய அவர், பென்சில்வேனியா அரசுக்கும், மோஹாக் மக்களை உள்ளடக்கிய இரோக்குவாய் கூட்டமைப்புக்கும் இடையே பல ஆண்டுகள் மொழிபெயர்ப்பாளராகவும் தூதராகவும் இருந்தார். இரு தரப்பும் அவர் சொல்லை நம்பின என்பதே அவருடைய பெருமை.

தம்பதியருக்குப் பதினான்கு பிள்ளைகள். பாதிப்பேர் சிறுவயதிலேயே இறந்தனர். மகள் அன்னா மரியா, 1745இல் லூத்தரன் போதகர் ஹென்றி மூலன்பெர்க்கை மணந்தார். இவர்களுடைய மகன் பீட்டர் அமெரிக்க விடுதலைப் போரில் தளபதியானார், இன்னொரு மகன் ஃபிரெடரிக், 1789இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையின் முதல் சபாநாயகரானார்.